நான்கு சக்கரங்களும் ஒரு முறுக்கு விசையும்

பெங்களூருக்கு வடக்கே ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் தூரத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரத்தில் நிற்கும் நந்தி மலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கார் அங்கே பத்து மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்தில் திரும்புகிறது என்றும், அதன் இடது வலது சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், வளைவு முடிவதற்குள் உட்புறச் சக்கரம் 29 மீட்டரும் வெளிப்புறச் சக்கரம் ஏறக்குறைய 34 மீட்டரும் உருண்டிருக்கும். அரைவட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்த 4.7 மீட்டர் வித்தியாசம் மாறுவதில்லை. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையிலும் இப்படி ஒரு வித்தியாசம் உண்டு. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 2.6 மீட்டர் நீளமுள்ள காரில், முன் அச்சு பின் அச்சைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் அதிகமாகப் பயணம் செய்கிறது. ஆக, நான்கு சக்கரங்களுக்கும் நான்கு வெவ்வேறு வேகங்கள். இயந்திரம் ஒன்றே ஒன்று.

நான்கு சக்கரங்களையும் இயக்கும் வேகக் கார்களின் யந்திர நுட்பம் முழுவதும் இந்த முரண்பாட்டிலிருந்தே பிறக்கிறது. ஆயினும் விற்பனைக் கூடங்களிலும் விளம்பர ஏடுகளிலும் இவ்விஷயத்தைப் பற்றி நாம் கேட்பதெல்லாம், முன்னுக்கு நாற்பது பின்னுக்கு அறுபது என்பது போன்ற விகிதங்களே. அவற்றைக் கேட்பவர், இயந்திரத்திலிருந்து வரும் முறுக்கு விசையை யாரோ ஒரு கணக்குப்பிள்ளை பங்கு பிரித்து அனுப்பிக்கொண்டிருப்பதாகவே எண்ணிக்கொள்கிறார். இவ்வெண்ணம் பெரும்பாலும் பிழையானது என்பதையும், எந்தச் சக்கரம் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பதை முடிவாக நிர்ணயிப்பது சாலையும் டயருமே என்பதையும், டிஃபரன்ஷியல் என்னும் கருவி செய்வதெல்லாம் சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு சுதந்திரம் இருக்கலாம் என்று வரையறுப்பதே என்பதையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1828-ஆம் ஆண்டில், நீராவி வண்டி ஒன்றுக்காகப் பிரான்ஸ் தேசத்து ஓனேசிஃபோர் பெக்கர் உரிமம் பெற்ற பற்சக்கர அமைப்பு, அடிப்படையில் இன்றளவும் மாறவில்லை. பெங்களூரு ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளில் கிரவுன் வீல், பினியன், ஸ்டார் பினியன் என்று தனித்தனியே விலைக்குக் கிடைக்கும் உறுப்புகளே அவை. பினியன் கிரவுன் வீலைச் சுழற்றுகிறது. கிரவுன் வீலோடு ஒரு கூண்டு சுழல்கிறது. கூண்டுக்குள் குறுக்கே பொருத்திய ஸ்டார் பினியன், இரு பக்கத்து அச்சுத் தண்டுகளின் முனையிலுள்ள பற்சக்கரங்களையும் ஒருங்கே கவ்விக்கொண்டிருக்கிறது. நேர்ச்சாலையில் ஸ்டார் பினியன் தன்னைத்தான் சுற்றாமல் கூண்டோடு சேர்ந்தே போகிறது. வளைவில் தன் அச்சில் உருண்டு, ஒரு பக்கம் இழந்த வேகத்தை மறு பக்கத்திற்குச் சேர்க்கிறது. ஒர்க்‌ஷாப்பில் பின் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, கியரில் போட்டுவிட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் முன்னோக்கி உருட்டிப் பார்த்தால் மற்றது அதே வேகத்தில் பின்னோக்கி உருள்வதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். கூண்டு நின்றுவிட்டது, ஆகவே இரு வேகங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம்.

வேகத்தின் கணக்கு இது. விசையின் கணக்கு இதனினும் எளியது. அதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஸ்டார் பினியன், நடுவில் தாங்கிப் பிடித்த தராசுக் கோல் போல இரு பக்கத்துப் பற்களையும் சமமாகவே தள்ள முடியும். ஒரு பக்கம் எதிர்த்து நிற்காவிட்டால் மறு பக்கத்தையும் அதற்கு மேல் தள்ள அதற்கு இயலாது. ஒரு சக்கரம் களிமண்ணில் நின்று 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையை மட்டுமே தாங்கக்கூடியது என்றும், மற்றது கெட்டித் தாரில் நின்று 1,500 தாங்கும் என்றும் கொள்வோம். சாதாரண டிஃபரன்ஷியலில் இருபுறமும் 200, ஆக மொத்தம் 400 மட்டுமே வண்டியை நகர்த்தக் கிடைக்கும். 'பிடிப்பில்லாத சக்கரத்துக்கே எல்லா விசையும் போய்விடுகிறது' என்று சொல்வது வழக்கம். வேகம் முழுவதும் அங்கே போய்விடுவது உண்மை. விசை அங்கே போவதில்லை. அந்த 400-க்கு மேல் விசை எங்குமே உண்டாவதில்லை என்பதே சரியான விளக்கம். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும், வழுக்கும் சக்கரம் எதிர்க்க மறுக்கும் அளவுக்கு இயந்திரமும் தள்ள வழியின்றிப் போகிறது.

இதற்கு மாற்று உபாயங்கள் பல. இரு அச்சுத் தண்டுகளையும் பூட்டிவிட்டால் வழுக்கும் சக்கரம் தன் 200-ஐயும், பிடிப்புள்ளது தன் 1,500-ஐயும் தரும், மொத்தம் 1,700. ஆனால் பூட்டிய வண்டி தார்ச்சாலை வளைவில் திரும்ப மறுத்து டயரைத் தேய்க்கும். இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்டவையே வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்கள். உராய்வுத் தட்டுகளை அடுக்கி, கூண்டின் மீது வரும் விசையாலேயே அவற்றை நெருக்கச் செய்வது ஒரு வகை. அமெரிக்கரான வெர்னான் கிளீஸ்மன் 1958-இல் உரிமம் பெற்று, பின்னர் டோர்சன் என்ற பெயரில் புகழடைந்த புழுப் பற்சக்கர அமைப்பு மற்றொரு வகை. டோர்சனில் பற்களுக்கு இடையிலான உராய்வே ஒரு பெருக்கு எண்ணாக வேலை செய்கிறது. அவ்வெண் மூன்று என்றால், நம் உதாரணத்தில் களிமண் சக்கரம் 200 தாங்கும்போது தார்ச் சக்கரத்துக்கு 600 கிடைக்கும், மொத்தம் 800. யாரும் கட்டளையிடாமல், மின்சாரமின்றி, கண நேரத் தாமதமுமின்றி நடக்கும் இந்தச் செயலில் ஓர் அழகு இருக்கிறது. அதன் பலவீனமும் அதே பெருக்கலில்தான் இருக்கிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் அது தாங்குவது பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யமே. உராய்வுத் தட்டு வகையில் ஆரம்பத்திலேயே ஒரு ஸ்பிரிங் அழுத்தம் கொடுத்து வைப்பது, முக்கியமாக இந்தச் சந்தர்ப்பத்திற்காகத்தான்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே மூன்றாவது டிஃபரன்ஷியலை வைத்து, நான்கு சக்கர இயக்கத்தை வேகத்தின் சேவைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர்கள் இங்கிலாந்தின் ஃபெர்குசன் நிறுவனத்தார். அவர்களுடைய பி99 என்ற பந்தயக் காரை ஸ்டர்லிங் மாஸ் 1961-இல் ஊல்டன் பார்க் மைதானத்தின் தங்கக் கோப்பைப் போட்டியில் வெற்றிக்கு ஓட்டினார். ஃபார்முலா ஒன் விதிகளின்படி நடந்த பந்தயத்தில் நான்கு சக்கர இயக்கக் கார் பெற்ற ஒரே வெற்றி அது. 1966-இல் வெளிவந்த ஜென்சன் எஃப்.எஃப் என்ற சாலைக் காரில், கிரக அமைப்புப் பற்சக்கரங்களால் முன் அச்சுக்கு 37, பின் அச்சுக்கு 63 என்ற விகிதம் ஏற்பட்டது. இங்கே விகிதம் என்பது உண்மையான பொருளுடையது: நடுச் சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கைக்கும் வெளி வளையத்தின் பற்களின் எண்ணிக்கைக்கும் உள்ள உறவே விசையின் உறவாகிறது. ஆனால் அந்த நடு டிஃபரன்ஷியல் தடையின்றி உருளும் வரையில்தான் அவ்விகிதம் செல்லும். அதன் குறுக்கே ஒரு பூட்டோ உராய்வோ வந்து சேர்ந்த மறுகணமே, விளம்பர ஏட்டின் எண் செல்லாக் காசாகி, சாலையின் பிடிப்பும் அச்சின் மீதுள்ள பாரமுமே விசையைத் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் எந்த விகிதம் உத்தமமானது? பாரத்தைக் கணக்கிட்டால் விடை கிடைக்கும். 1,500 கிலோ எடையுள்ள கார் ஒன்று, நிற்கும்போது முன் அச்சில் 900 கிலோவும் பின் அச்சில் 600 கிலோவும் தாங்குவதாகக் கொள்வோம். மூக்குப் பக்கம் இயந்திரம் உள்ள கார்களுக்கு இது இயல்பு. அதன் பாரமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்க, புவி ஈர்ப்பின் பாதியளவு முடுக்கத்தில் அது பாயுமானால், ஏறக்குறைய 144 கிலோ பாரம் முன்னிருந்து பின்னுக்கு மாறுகிறது. முன்னே 756, பின்னே 744. நின்ற நிலையில் அறுபதுக்கு நாற்பதாக இருந்தது, பாயும்போது சரிபாதியாகிவிட்டது! 1980-இல் ஜெனீவாக் கண்காட்சியில் தோன்றி ராலிப் பந்தய உலகையே புரட்டிப்போட்ட ஆடி குவாட்ரோ, மூக்கு கனத்த கார் என்று பழிக்கப்பட்டபோதிலும், ஐம்பதுக்கு ஐம்பது என்ற எளிய நடு டிஃபரன்ஷியலோடு வந்து வெற்றிமேல் வெற்றி பெற்றதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். அதற்கு மாறாக, லான்சியா டெல்டா இன்டக்ராலே முதலில் முன்னுக்கு 56 என்றிருந்த பங்கைப் பதினாறு வால்வு இயந்திரம் வந்தபோது 47 ஆகக் குறைத்துக்கொண்டது. பின் சக்கரங்களைக் கொஞ்சம் முந்தி வழுக்கவிட்டு, வளைவில் காரின் முகம் எளிதாகத் திரும்ப வேண்டும் என்பதே அதன் பயன். டயர் ஒன்றுக்கு முன்னோக்கித் தள்ளும் வேலையும் பக்கவாட்டில் பிடிக்கும் வேலையும் ஒரே பிடிப்பிலிருந்துதான் செலவாகின்றன. ஒன்றில் அதிகம் செலவிட்டால் மற்றதில் குறைந்தே தீரும்.

நம் பக்கத்து அனுபவத்திற்கு வருவோம். பெங்களூரிலிருந்து ஹாசன் வழியாகச் சென்றால் சிக்கமகளூரு ஏறக்குறைய 245 கிலோமீட்டர். அந்தக் காபித் தோட்டங்களின் செம்மண் பாதைகளில் ஆசிய பசிபிக் ராலிப் போட்டியின் இந்தியச் சுற்று நடந்திருக்கிறது. 2013, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளில் அப்போட்டியின் சாம்பியன் பட்டத்தை வென்று, 2019-இல் மோட்டார் பந்தயத் துறைக்கே முதலாவதாக அர்ஜுனா விருதைக் கொண்டுவந்த கௌரவ் கில், சென்னையின் எம்.ஆர்.எஃப் அணிக்காக ஓட்டியவை ஸ்கோடா ஃபேபியா கார்கள்: முதலில் எஸ்2000, பின்னர் ஆர்5. ராலிக் கார் என்றவுடன் அதி நுட்பமான நடு டிஃபரன்ஷியலை எதிர்பார்க்கும் வாசகர் ஆச்சரியப்படுவார். இவ்விரு வகைக் கார்களிலும் நடு டிஃபரன்ஷியலே கிடையாது. முன் அச்சும் பின் அச்சும் ஒரே தண்டால் இறுகப் பிணைக்கப்பட்டவை. ஒவ்வோர் அச்சிலும் உராய்வுத் தட்டு டிஃபரன்ஷியல் மட்டும் உண்டு.

முன் அச்சு ஒரு மீட்டர் அதிகம் போக வேண்டும் என்று சற்று முன் கணக்கிட்டோமே, அந்தக் கணக்கு என்னவாயிற்று என்ற கேள்வி நியாயமானது. உலர்ந்த தார்ச்சாலையில் அது உண்மையிலேயே இடைஞ்சல்தான். அதனால்தான், பெங்களூருக்கு வெளியே பிடதியில் தயாராகும் டொயோட்டா ஃபார்ச்சூனர் போல, நடு டிஃபரன்ஷியல் இல்லாமல் தேவைப்படும்போது மட்டும் முன் அச்சைச் சேர்த்துக்கொள்ளும் வண்டிகளை வழுக்காத சாலையில் நான்கு சக்கர நிலையில் ஓட்ட வேண்டாம் என்று சொல்கிறார்கள். செம்மண்ணிலும் சரளையிலும் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு டயரும் எப்போதுமே சிறிது வழுக்கிக்கொண்டிருப்பதால், அந்த ஒரு மீட்டர் வித்தியாசம் மண்ணிலேயே கரைந்துபோகிறது. தண்டில் முறுக்கமாகச் சேர்வதில்லை. பூட்டிய அமைப்பில் பின் சக்கரம் குழியில் இறங்கினால் அதன் பங்கு அதே கணத்தில் முன் சக்கரங்களுக்குக் கிடைக்கிறது. முன்னது நீரோடையில் வழுக்கினால் பின்னது ஏற்றுக்கொள்கிறது. கொண்டை ஊசி வளைவு வந்தால் ஓட்டுபவர் கைப் பிரேக்கை இழுக்கிறார். அந்நொடியில் பின் அச்சின் இணைப்புத் துண்டிக்கப்பட்டு, பின் சக்கரங்கள் தனியே பூட்டிக்கொண்டு காரின் வாலைச் சுழற்றிவிடுகின்றன. விதிகளை வகுத்தவர்கள் செலவைக் குறைக்கவே நடு டிஃபரன்ஷியலை நீக்கினார்கள் என்பது உண்மையே. உலக ராலிப் போட்டியின் உச்ச வகுப்பிலும் 2017-இல் மின்னணுக் கட்டுப்பாட்டுள்ள நடு டிஃபரன்ஷியலை மீண்டும் அனுமதித்து, 2022-இல் மறுபடி விலக்கிவிட்டார்கள். அது இல்லாத கார்களும் மண்ணில் அபாரமான வேகத்தில்தான் ஓடுகின்றன.

சாலையில் ஓடும் கார்களில் இன்று மிகுதியாகக் காணப்படுவது வேறோர் உபாயம். முன் அச்சை இயந்திரம் நேரடியாக ஓட்டும். பின் அச்சோ எண்ணெயில் மூழ்கிய உராய்வுத் தட்டுகளின் வழியாகத் தேவைப்படும்போது மட்டும் சேர்ந்துகொள்ளும். 2022 முதல் பிடதியில் தயாராகும் டொயோட்டா ஹைரைடரிலும், அதே ஆலையில் உருவாகும் மாருதி கிராண்ட் விட்டாராவிலும் நான்கு சக்கர இயக்க மாதிரிகளில் இருப்பது இவ்வகைதான். அவை வேகக் கார்கள் அல்ல. ஆனால் நகரத்தின் கிழக்கே ஹோசகோட்டேயில் பூட்டப்படும் வால்வோ எக்ஸ்.சி.90 முதலாகப் பல விலையுயர்ந்த கார்களிலும் இதே தத்துவமே பயிலுகிறது. இத்தகைய இணைப்பு பின் அச்சுக்கு ஐம்பது சதவீதத்துக்கு மேல் அனுப்பாது என்று சிலர் சாதிப்பது சரியல்ல. தட்டுகள் முழுதாக இறுகி, முன் சக்கரங்கள் பனியிலோ சேற்றிலோ பிடிப்பை இழந்தால், தாங்கக்கூடிய விசையெல்லாம் பின்னால்தான் தாங்கப்படும். உண்மையான வரம்பு வேறிடத்தில் இருக்கிறது. உராய்வுத் தட்டு எதுவாயினும், வேகமாகச் சுழலும் பக்கத்திலிருந்து மெதுவாகச் சுழலும் பக்கத்துக்குத்தான் விசையைக் கடத்த முடியும். எதிர்த்திசையில் ஒருபோதும் முடியாது.

இந்த ஒரு விதி வேகக் கார்களைப் படைத்தவர்களைப் பல ஆண்டுகள் தடுத்து நிறுத்தியது. வளைவில் அதிகப் பாரத்தையும் அதிகப் பிடிப்பையும் உடையது வெளிப்புறச் சக்கரம். அதற்குக் கூடுதல் விசை கொடுத்தால் கார் தானாகவே உட்புறம் நோக்கித் திரும்ப முனையும். ஆனால் வேகமாகச் சுழல்வதும் அதே வெளிப்புறச் சக்கரம்தானே? உட்புறச் சக்கரம் வழுக்கத் தொடங்கும் வரையில், உராய்வு டிஃபரன்ஷியல் விசையை உட்புறத்துக்கே மாற்றிக் காரை நேரே தள்ளிவிடும். 1996-இல் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் நான்காம் மாதிரியில் இதற்கு விடை கண்டார்கள். பின் டிஃபரன்ஷியலின் பக்கத்தில் வேகத்தை ஏற்றும் பற்சக்கரங்களையும் இரண்டு கிளட்சுகளையும் சேர்த்து, வெளிப்புறச் சக்கரத்தையும்விட வேகமாகச் சுழலும் ஒரு பாதையை உண்டாக்கினார்கள். அப்பாதையின் வழியாக விசை 'மெதுவான' வெளிப்புறச் சக்கரத்துக்குத் தாராளமாகப் பாய்ந்தது. வெளிப்புறத்தில் 500 நியூட்டன் தள்ளலைக் கூட்டி, உட்புறத்தில் அதே அளவைக் குறைத்தால், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள காரைத் திருப்ப 750 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை கிடைக்கிறது. ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டியதில்லை. சென்னைக்கு அருகே திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் கட்டி விற்ற லான்சர் இரு சக்கர இயக்கம் கொண்ட சாதுவான குடும்பக் கார்; அதன் பத்தாம் எவல்யூஷன் மாதிரியை இறக்குமதியாகவே 2010-இல் இந்நாட்டில் விற்றார்கள். பெயரில் உறவினராயினும், அடித்தளத்தில் இரண்டும் வெவ்வேறு ஜாதி.

பற்சக்கரமே இல்லாமல் பிரேக்கினாலும் இவ்வேலையில் ஒரு பகுதியைச் செய்யலாம். களிமண் சக்கரத்தின் பிரேக்கை 1,300 அளவுக்குப் பிடித்தால், 200-ம் 1,300-ம் சேர்ந்து அப்பக்கம் 1,500 எதிர்ப்பாகிறது. சாதாரண டிஃபரன்ஷியலின் சமத்துவ விதிப்படி மறு பக்கமும் தன் 1,500-ஐப் பெறுகிறது. செலவு குறைவு; ஆனால் இயந்திரத்தின் சக்தி பிரேக்கில் உஷ்ணமாக வீணாகிறது. மலைப்பாதையில் நெடுநேரம் வேகமாக ஓட்டுபவர்களுக்கு இது முழுத் தீர்வாகாது.

இப்போது ஹோசகோட்டேயிலேயே இந்தச் சரித்திரத்தின் அடுத்த ஏடும் புரள்கிறது. 2022-இல் அங்கே பூட்டப்பட்டு விற்பனைக்கு வந்த வால்வோ எக்ஸ்.சி.40 ரீசார்ஜ், 408 குதிரைச் சக்தியும் 660 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் கொண்டது. நூறு கிலோமீட்டர் வேகத்தை ஐந்து நொடிக்குள் எட்டுவது. அதில் முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார். நடுவே பிராப்பெல்லர் ஷாஃப்டும் இல்லை, டிஃபரன்ஷியலும் இல்லை, இரண்டு அச்சுகளையும் இணைக்கும் இரும்புத் துண்டு ஒன்றுகூட இல்லை. அச்சுகளுக்கு இடையிலான பங்கீடு இத்தகைய அமைப்பில்தான் உண்மையான பங்கீடாகிறது. கணினி ஒரு மோட்டாருக்கு இவ்வளவு, மற்றதற்கு அவ்வளவு என்று நொடியின் சிறு கூறுகளுக்குள் கட்டளையிடுகிறது. ஆயினும் ஒரு நஷ்டமும் உண்டு. இறுகப் பிணைத்த தண்டின் வழியே, வழுக்கும் அச்சின் சக்தி முழுவதும் பிடிப்புள்ள அச்சில் பயன்படும். இங்கே ஒவ்வொரு மோட்டாரும் தன் சக்திக்கு மேல் தர இயலாது, முன் சக்கரங்கள் பனிக்கட்டியில் நின்றால் காரின் மொத்தச் சக்தியில் முன் மோட்டாருக்குரிய பாதி வீணே. மேலும் ஒவ்வோர் அச்சிலும் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே, 1828-இல் பெக்கர் எண்ணிய அதே கூண்டும் பற்சக்கரங்களும் இருந்துகொண்டேயிருக்கின்றன. களிமண் சக்கரத்தை அடக்குவதற்கு அங்கும் பிரேக்கையே நம்ப வேண்டியிருக்கிறது.

ஆகவே நான்கு சக்கர இயக்கக் கார் வாங்கப் புறப்படும் வாசகர், எத்தனை சதவீதம் எங்கே போகிறது என்று கேட்பதை விட்டு, அச்சுகளுக்கு நடுவே இருப்பது டிஃபரன்ஷியலா, தட்டு இணைப்பா, தனி மோட்டாரா என்றும், அச்சின் இரு பக்கங்களுக்கு இடையே உராய்வு அமைப்பு உண்டா, வெறும் பிரேக் உதவி மட்டும்தானா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். வாங்கிய பின் டயர் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒரு டயர் மட்டும் புதிதாகவும் மற்றவை தேய்ந்தும் இருந்தால் அவற்றின் சுற்றளவுகள் வேறுபடும். கார் நேர்ச்சாலையில் போகும்போதும் ஏதோ ஒரு டிஃபரன்ஷியலோ தட்டு இணைப்போ ஓயாமல் உருண்டு சூடேறிக்கொண்டிருக்கும், நாளடைவில் பெருஞ்செலவு வைக்கும். டயர் மாற்றுவதானால் நான்கையும் ஒரே அளவில், ஒரே வகையில், ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள்.